உங்களுக்குத் தெரியுமா? – வேலையில் விழுந்தவர் வீட்டுக்கு வரவேண்டிய பணம்

காலை ஏழரை மணிக்குக் காரைக்கால் எல்லையில், தேசிய நெடுஞ்சாலை 32-ன் ஓரமாக நின்று பாருங்கள். நாகூர்ப் பக்கமிருந்தும் பொறையாறு பக்கமிருந்தும் டிபன் கேரியர் தொங்கும் வண்டிகள் வந்துகொண்டே இருக்கும். வாஞ்சூர்த் துறைமுகத்துக்கு, ஆலைகளுக்கு, கட்டட வேலைக்கு, திருநள்ளாற்று விடுதிகளுக்கு. மாலையில் அத்தனை பேரும் முழுசாக வீடு திரும்ப வேண்டும். ஒருவர் திரும்பாமல் போனால், அல்லது ஒரு விரல் குறைந்து திரும்பினால், அந்த வீட்டுக்கு வரவேண்டிய பணம் எவ்வளவு? சட்டம் மாறும்போது அந்தப் பணம் எப்படிக் கூடுகிறது, எப்படிக் குறைகிறது? இந்த வாரம் அதுதான்.

● 2020 ஜனவரி 2-ஆம் தேதி வேலையில் இறந்தவரின் குடும்பத்துக்கும், மறுநாள் 3-ஆம் தேதி இறந்தவரின் குடும்பத்துக்கும் இடையே 6,89,710 ரூபாய் வித்தியாசம். இருவருக்கும் வயது 35, இருவருக்கும் மாதச் சம்பளம் 15,000 என்று வைத்துக்கொள்ளுங்கள். சம்பளத்தில் பாதியை எடுத்து, வயதுக்கு உரிய காரணியால் பெருக்க வேண்டும். 1923-ஆம் ஆண்டு இழப்பீட்டுச் சட்டத்தில் மரணத்துக்கு உள்ள கணக்கு இது. 35 வயதுக்குக் காரணி 197.06. ஆனால் 2-ஆம் தேதி வரை, கையில் வாங்கிய சம்பளம் எவ்வளவு இருந்தாலும் 8,000 ரூபாய்க்கு மேல் கணக்கில் சேராது. அதனால் முதல் குடும்பத்துக்கு 7,88,240. மறுநாள் அந்த வரம்பு 15,000 ஆனது. இரண்டாவது குடும்பத்துக்கு 14,77,950.

● பின்னால் வரம்பை உயர்த்தினால் பழைய விபத்துக்கும் சேர்த்துக் கிடைக்காதா? கிடைக்காது. விபத்து நடந்த தேதியில் என்ன சட்டமோ அதுதான் என்று உச்ச நீதிமன்றம் பலமுறை சொல்லிவிட்டது. 2020-லும் அதையே உறுதி செய்தது. வழக்கு பத்து வருஷம் இழுத்தாலும் தொகை அன்றைய தொகைதான்.

● அதே 35 வயது ஆளை வைத்து அந்த வரம்பின் வரலாற்றைப் பாருங்கள். 1984 திருத்தத்தில் சம்பள வரம்பு 1,000. மரணத்துக்கு 40 சதவீதக் கணக்கு. அதிகபட்சம் 78,824 ரூபாய். 1995-ல் 50 சதவீதமும் 2,000 வரம்பும் வந்தன: 1,97,060. 2000 டிசம்பரில் வரம்பு 4,000: 3,94,120. 2010 மே 31-ல் 8,000: 7,88,240. பிறகு 2020. பெரும்பாலான படிகளுக்கு நடுவே பத்து வருஷங்கள் கூட ஓடியிருக்கின்றன. அரிசி விலையும் பள்ளிக்கூடச் செலவும் அந்தப் பத்து வருஷமும் காத்திருக்கவில்லை. 2019-ல் இறந்தவரின் மனைவி 2010-ன் வரம்பில் கணக்குப் போட்ட பணத்தைத்தான் வாங்கினார். அரசு ஊழியருக்கு ஆறு மாதத்துக்கு ஒருமுறை அகவிலைப்படி மாறுகிறது. கூலிக்காரரின் உயிருக்குப் போடும் கணக்கும் அதுபோல விலைவாசியோடு தானாக ஏறவேண்டும் என்பது என் உறுதியான கருத்து. அதைச் செய்யத் தனிச் சட்டம்கூட வேண்டாம். மத்திய அரசின் ஓர் அறிவிக்கை போதும்.

● சட்டத்தில் குறைந்தபட்சத் தொகை என்றும் ஒன்று உண்டு. 2010-ல் மரணத்துக்கு 1,20,000 என்று வைத்தார்கள். இன்றைக்கு அது யாருக்கு உதவும்? 65 வயதுக்காரருக்குக் காரணி 99.37, அவரைப் போன்ற முதியவரே மாதம் சுமார் 2,415 ரூபாய்க்குக் கீழே வாங்கினால்தான் அந்தக் குறைந்தபட்சம் கைகொடுக்கும்.

● உங்கள் வலது கையை விரித்துப் பாருங்கள். சட்டத்தின் முதல் அட்டவணையில் ஒவ்வொரு விரலுக்கும் ஒரு சதவீதம் போட்டிருக்கிறது. கட்டைவிரல் 30. ஆட்காட்டி விரல் முழுதும் போனால் 14. நடுவிரல் 12. மோதிர விரலோ சுண்டு விரலோ போனால் 7. 30 வயது, 15,000 சம்பளம் என்றால் முழு நிரந்தர ஊனத்துக்குச் சம்பளத்தில் 60 சதவீதத்தை 207.98-ஆல் பெருக்கி 18,71,820 ரூபாய் வரும். அதில் கட்டைவிரலுக்கு 5,61,546. ஆட்காட்டி விரலுக்கு 2,62,055. சுண்டு விரலுக்கு 1,31,027. மரம் அறுக்கும் இடத்திலும் அரிசி ஆலை பெல்ட்டிலும் ஐஸ் உடைக்கும் இயந்திரத்திலும் கை கொடுத்தவர்களில் எத்தனை பேருக்கு இந்த எண்களை யாராவது சொல்லியிருப்பார்கள்? வேலைக்குச் சேரும்போதே எழுத்தில் சொல்லியாக வேண்டும் என்று 2017-ல் சட்டத்தைத் திருத்தினார்கள். சொல்லாத முதலாளிக்கு 50,000 முதல் ஒரு லட்சம் வரை அபராதம் என்றும் அதில் வைத்தார்கள்.

● அட்டவணைச் சதவீதமே முடிவு அல்ல. 1968-ல் ஒரு சினிமாக் கொட்டகையில் அலங்கார வேலை செய்துகொண்டிருந்த தச்சர் கீழே விழுந்தார். இடது கையை எடுக்க வேண்டியதாயிற்று. ஒரு கை போனால் பகுதி ஊனம்தானே என்று முதலாளி தரப்பு வாதாடியது. ஒற்றைக் கையால் தச்சு வேலை செய்ய முடியாது, அதனால் இது முழு ஊனம் என்றது உச்ச நீதிமன்றம். தள்ளிப்போட்ட முதலாளிக்கு அபராதமும் உறுதியானது. இன்றும் டபிள்யூ.சி. (தொழிலாளர் இழப்பீட்டு) கேஸ் நடத்தும் வக்கீல்கள் முதலில் எடுப்பது இந்தத் தீர்ப்பைத்தான். கொத்தனாருக்கு முழங்கால், டிரைவருக்குக் கண், தையல்காரருக்கு விரல்: செய்த தொழிலை இனிச் செய்ய முடியுமா என்பதுதான் கேள்வி.

● ஆஸ்பத்திரிச் செலவுக்கு உச்சவரம்பு இல்லை. 2009 திருத்தத்துக்குப் பிறகு, வேலையில் பட்ட காயத்துக்கு ஆன உண்மையான மருத்துவச் செலவை முதலாளி தனியாகத் தரவேண்டும். பில் ஒன்றையும் தூக்கிப் போடாதீர்கள்.

● "குடித்திருந்தான், அதனால் காசு கிடையாது" என்று சொல்லிக் குடும்பத்தைத் திருப்பி அனுப்புவது பழைய வழக்கம். மரணத்திலும் முழு நிரந்தர ஊனத்திலும் அந்தக் காரணம் செல்லாது. ஹெல்மெட் போடவில்லை, பாதுகாப்பு பெல்ட் கட்டவில்லை என்பதும் அங்கே செல்லாது.

● தாமதத்தின் விலை என்ன? ஒரு மாதத்துக்குள் தொகையைக் கட்டாவிட்டால் ஆண்டுக்கு 12 சதவீத வட்டி. 14,77,950 ரூபாய்க்கு வட்டி மாதம் 14,779 ரூபாய். இறந்தவர் வாங்கிய 15,000 சம்பளம் எவ்வளவோ, ஏறக்குறைய அவ்வளவு. அவர் உயிரோடு வேலைக்கு வந்தால் கொடுக்க வேண்டியதை, அவர் இல்லாமலே மாதாமாதம் கொடுப்பதுபோல. சரியான காரணமில்லாமல் இழுத்தடித்தால் அபராதம் வேறு, அசலில் பாதி வரை. அதாவது 7,38,975 ரூபாய் வரை. வட்டியை இன்ஷூரன்ஸ் கம்பெனி தரவேண்டும், அபராதத்தை முதலாளிதான் தன் கையிலிருந்து தரவேண்டும் என்று 1997-லேயே உச்ச நீதிமன்றம் பிரித்துவிட்டது.

● அதனால்தான் சிறு முதலாளிகளுக்கும் இதைச் சொல்ல வேண்டியிருக்கிறது. நாலு ஆள் வைத்துப் பட்டறை நடத்துபவருக்கு ஒரே விபத்து பதினைந்து லட்சம் ரூபாய்க் கடன். பட்டறையை விற்றாலும் அடையாது. அடையாவிட்டால் இறந்தவர் வீட்டுக்கும் ஒன்றும் வராது. 1923 சட்டம் இன்ஷூரன்ஸ் எடுத்தே ஆகவேண்டும் என்று கட்டாயப்படுத்தவில்லை. கட்டாயப்படுத்தியிருக்க வேண்டும். டபிள்யூ.சி. பாலிசியின் பிரீமியம், நீங்கள் காட்டும் மொத்தச் சம்பளத்தையும் வேலையின் ஆபத்தையும் பொறுத்தது. பிரீமியம் குறையட்டும் என்று ஆள் கணக்கையும் சம்பளத்தையும் குறைத்துக் காட்டுபவர், விபத்து நாளில் மீதியைத் தானே சுமக்க நேரிடும்.

● தொகை முழுவதும் தொங்குவது சம்பளம் என்ற ஒரே எண்ணில். அந்த எண்ணுக்கு அத்தாட்சி எங்கே? சனிக்கிழமை சாயங்காலம் மேஸ்திரி சட்டைப் பையிலிருந்து எடுத்து எண்ணிக் கொடுக்கும் நோட்டுக்குச் சீட்டு கிடையாது. பக்கத்தில் நின்று வாங்கிய சித்தாள்தான் சாட்சி. மேஸ்திரியின் சின்ன நோட்டில் பேருக்கு நேரே ஒரு கோடு, அரை நாளுக்கு அரைக்கோடு. சில சமயம் அதுதான் ஒரே ஆவணம். சம்பளம் நிரூபணமாகாமல் 9,000 என்று முடிந்தால், 35 வயதுக்காரர் குடும்பத்துக்கு 8,86,770 ரூபாய்தான். ஒரு துண்டுச் சீட்டு இல்லாததற்கு விலை ஏறக்குறைய ஆறு லட்சம். வாரக் கூலியை வங்கிக் கணக்கிலோ ஜி-பேயிலோ போடச் சொல்லுங்கள். முடியாவிட்டால், அந்த நோட்டுப் பக்கத்தைச் செல்போனில் படம் எடுத்து வீட்டுக்காரிக்கு அனுப்பிவையுங்கள்.

● ஓட்டலில் வேலை செய்பவர் சாப்பிடும் மூன்று வேளைச் சாப்பாடும் சம்பளம்தான். பணமாக மதிப்பிடக்கூடிய எந்த வசதியும் சம்பளத்தில் சேரும் என்றது 1923 சட்டம். திருநள்ளாற்றில் சாப்பாடும் தங்க இடமும் கொடுத்து, கையில் குறைவாகக் கொடுக்கும் இடங்களில் வேலை செய்பவர்கள் இதைக் குறித்துக்கொள்ளட்டும்.

● 2025 நவம்பர் 21 முதல் கணக்கு வேறு. அன்றிலிருந்து நான்கு தொழிலாளர் தொகுப்புச் சட்டங்கள் நடைமுறைக்கு வந்தன. இழப்பீடு, சமூகப் பாதுகாப்புத் தொகுப்புக்குள் போய்விட்டது. மரணத்துக்குப் பாதி, முழு ஊனத்துக்கு 60 சதவீதம் என்ற அடிப்படை அப்படியே இருக்கிறது. மாறியது 'சம்பளம்' என்ற சொல்லின் பொருள். வீட்டு வாடகைப்படி, போக்குவரத்துப்படி, ஓவர்டைம், கமிஷன் போன்றவை இனிச் சம்பளத்தில் சேராது. ஆனால் இப்படி விலக்குபவை மொத்த வருமானத்தில் பாதியைத் தாண்டினால், தாண்டியது சம்பளமாகிவிடும். சாப்பாடு போன்ற பொருளாகத் தருவது 15 சதவீதம் வரை சேரும்.

இதனால் கூடுமா குறையுமா? அடிப்படைச் சம்பளத்தை மிகவும் குறைத்து, படிகளாகக் காட்டி, பி.எஃப். பிடித்தத்தைக் குறைத்துவந்த இடங்களில் பி.எஃப்., கிராஜுவிட்டி கூடும். நல்லதுதான். ஆனால் விபத்து இழப்பீட்டில் சிலருக்குக் குறையவும் செய்யும். மாதம் 24,000 வாங்கும் 35 வயது ஆபரேட்டர்; அடிப்படையும் அகவிலைப்படியும் 12,000, மீதி வாடகைப்படியும் மற்றப் படிகளும் என்று வையுங்கள். பழைய சட்டத்தில் வாடகைப்படியும் சேர்ந்து 15,000 வரம்பைத் தொட்டுவிடும்: 14,77,950. புதிய பொருளில் அவர் சம்பளம் 12,000: 11,82,360 ரூபாய். 2,95,590 ரூபாய் குறைவு. இந்த மூலையை யாரும் பெரிதாகப் பேசவில்லை. தொழிற்சங்கங்கள் பேசவேண்டும்.

● நல்ல மாற்றம் ஒன்றும் உண்டு. வீட்டிலிருந்து வேலைக்குப் போகும் வழியிலும் வேலை முடிந்து திரும்பும் வழியிலும் நடக்கும் விபத்து, நேரம், இடம், சூழ்நிலை பொருந்தினால் வேலையில் நடந்த விபத்துதான் என்று புதிய தொகுப்பு எழுத்திலேயே சொல்கிறது. அதற்குச் சில மாதம் முன்பே, 2025 ஜூலையில், உச்ச நீதிமன்றம் பழைய சட்டத்துக்கும் அதே பொருளைக் கொடுத்தது. மகாராஷ்டிரத்தில் சர்க்கரை ஆலை ஒன்றின் இரவுக் காவலர், அதிகாலை மூன்று மணி வேலைக்கு மோட்டார் சைக்கிளில் போகும்போது ஆலைக்கு ஐந்து கிலோமீட்டர் முன்னால் 2003-ல் இறந்தார். 22 ஆண்டு கழித்து அவர் குடும்பம் ஜெயித்தது. நெடுஞ்சாலை 32-ல் டிபன் கேரியரோடு வரும் ஒவ்வொருவருக்கும் இந்தத் தீர்ப்பில் பங்கு இருக்கிறது.

● இ.எஸ்.ஐ. இருந்தால் மேலே சொன்ன மொத்தத் தொகை கிடையாது. அதற்குப் பதில் மாதாமாதம் பணம். சட்டம் இரண்டையும் வாங்க விடாது. எது லாபம்? 15,000 சம்பளக்காரர் இறந்தால் குடும்பத்துக்குச் சம்பளத்தில் 90 சதவீதம், மாதம் சுமார் 13,500 ரூபாய். 14,77,950 ரூபாயை அதால் வகுத்தால் ஒன்பது வருஷம் சொச்சம். அதற்குப் பிறகும் மனைவியின் பங்கு தொடரும், மறுமணம் செய்யாதவரை. காரைக்காலில் இதற்கு விளக்கம் தேவையில்லை. பிரெஞ்சுப் படையில் சொல்தாவாக இருந்தவரின் வீடு மாதப் பென்ஷனில் எப்படி நின்றது, மொத்தமாக வந்த பணம் எப்படி வந்த வழியே போனது என்பதை ஊர் கண்ணால் பார்த்திருக்கிறது. முதலாளிக்கு இதற்கு ஆகும் செலவு, 15,000-க்கு 3.25 சதவீதம், மாதம் 488 ரூபாய். தொழிலாளிக்கு 113. 2019 ஜூலைக்கு முன் முதலாளி பங்கு 4.75 சதவீதமாக இருந்தது. ஆனால் 21,000 ரூபாய்க்கு மேல் சம்பளம் போனால் இ.எஸ்.ஐ. இல்லை. 2017-ல் வைத்த அந்த வரம்பு ஊதிய உயர்வு வந்த பலரை வெளியே தள்ளியிருக்கிறது.

● சொல்தா என்றதும் பிரான்ஸ் நினைவுக்கு வருகிறது. தவறு யாருடையது என்று நிரூபிக்காமலே வேலையிட விபத்துக்கு முதலாளி ஈடு தரவேண்டும் என்று பிரான்ஸ் தன் நாட்டில் 1898 ஏப்ரல் 9-ல் சட்டம் போட்டது. முழு ஊனமானவருக்கு ஆண்டுச் சம்பளத்தில் மூன்றில் இரண்டு பங்கு ஆயுள் பென்ஷன். இந்தியச் சட்டம் 1923-ல் வந்தது. 1924 ஜூலை 1 முதல் நடைமுறை. அது மொத்தத் தொகை வழியைப் பிடித்தது. பிரெஞ்சுக் கொடியின் கீழிருந்த காரைக்கால் 1954 நவம்பர் 1-ல் இந்தியாவுடன் இணைந்தது. 1962 ஆகஸ்ட் 16-ல் சட்டப்படி கைமாறியது. 1963-ஆம் ஆண்டுப் பாண்டிச்சேரிச் சட்ட ஒழுங்குமுறையால்தான் இந்திய இழப்பீட்டுச் சட்டம் இங்கே வந்தது.

● கான்ட்ராக்டர் ஆள் என்றால் கம்பெனிக்குப் பொறுப்பில்லையா? கம்பெனியின் வழக்கமான தொழிலில் ஒரு பகுதியாக அந்த வேலை இருந்தால், கம்பெனியிடமே நேராகக் கேட்கலாம். கொடுத்துவிட்டுக் கான்ட்ராக்டரிடம் வசூல் செய்துகொள்வது கம்பெனியின் பாடு. துறைமுகத்தில் சுமை இறக்குபவர்கள் இதை மறக்கக் கூடாது.

● கிளிஞ்சல்மேடு, காரைக்கால்மேடு, பட்டினச்சேரி மீனவர் நிலை வேறு. படகுக்கு இத்தனை பங்கு, வலைக்கு இத்தனை, ஆளுக்கு இத்தனை என்று பிடிபட்டதைப் பிரித்துக்கொள்பவருக்கு 'முதலாளி யார்' என்ற முதல் கேள்வியிலேயே வழக்கு தடுமாறும். அவர்களுக்காக இருப்பது மத்ஸ்ய சம்பதா திட்டத்தின் குழு விபத்துக் காப்பீடு: மரணத்துக்கும் முழு ஊனத்துக்கும் 5 லட்சம், பகுதி ஊனத்துக்கு 2.5 லட்சம், ஆஸ்பத்திரிக்கு 25,000. பிரீமியம் மீனவர் கட்ட வேண்டாம். ஆனால் 35 வயதுக் கட்டடத் தொழிலாளியின் வீட்டுக்குப் பதினான்கு லட்சத்துக்கு மேல், அதே வயதுக் கடல் தொழிலாளியின் வீட்டுக்கு ஐந்து லட்சம் என்பது எனக்கு நியாயமாகப் படவில்லை.

● நம் ஊர்ப் பிள்ளைகள் கட்டட வேலைக்குப் போகும் சிங்கப்பூரில், உடலுழைப்புத் தொழிலாளிக்குச் சம்பளம் எவ்வளவானாலும் இன்ஷூரன்ஸ் கட்டாயம். 2025 நவம்பர் 1 முதல் மரண இழப்பீடு குறைந்தது 91,000, அதிகபட்சம் 2,69,000 சிங்கப்பூர் டாலர்.

● விபத்தில் இறந்தவர் வீட்டில் துக்கம் நடக்கும்போதே பெரியமனிதர் இருவர் வந்து, திண்ணையில் உட்கார்ந்து, ஒரு தொகையைப் பேசி, முத்திரைத்தாளில் கைநாட்டு வாங்கிப் போவதை இந்தப் பக்கத்து ஊர்களில் பார்த்திருக்கிறேன். கையெழுத்துப் போடும் பெண்ணுக்கு அந்தத் தாளில் என்ன எழுதியிருக்கிறது என்பதே தெரியாது. 'இனி எந்த உரிமையும் கோர மாட்டேன்' என்ற அந்த வரி சட்டத்தின் முன் செல்லாது. மரண இழப்பீட்டைத் தொழிலாளர் இழப்பீட்டு ஆணையரிடம்தான் கட்டவேண்டும். கையில் கொடுத்தது இழப்பீடாகக் கணக்கில் வராது. மூன்று மாதச் சம்பளம் வரை முன்பணமாகத் தரலாம், அது மட்டும் கழியும். முதலாளிகளே, கையில் கொடுத்தால் மறுபடி கொடுக்க நேரிடும். அம்மாமார்களே, கைநாட்டு வைத்துவிட்டோமே என்று பேசாமல் இருந்துவிடாதீர்கள். 1923 சட்டத்தில் மனுப்போட இரண்டு வருஷம் இருக்கிறது, நியாயமான காரணம் இருந்தால் அதன் பிறகும் ஏற்பார்கள்.

● வக்கீலுக்குப் பணம்? 1987-ஆம் ஆண்டுச் சட்டப்பணிகள் ஆணையச் சட்டப்படி பெண்களுக்கும் ஆலைத் தொழிலாளிக்கும் வருமானம் பார்க்காமல் இலவச வக்கீல் உண்டு.

● விபத்து வாஞ்சூரில், வீடு நாகூரில், கம்பெனியின் பதிவு அலுவலகம் சென்னையில். எங்கே மனுப்போடுவது? 1995 திருத்தத்துக்கு முன் விபத்து நடந்த இடத்து ஆணையரிடம்தான். இப்போது மூன்றில் எந்த இடத்திலும் போடலாம். கைக்குழந்தையோடு இருக்கும் பெண், தான் குடியிருக்கும் ஊருக்கு உரிய ஆணையரிடமே போடலாம். விபத்து நடந்த இடத்து ஆணையருக்குத் தகவல் அனுப்பிக் கேட்டுக்கொள்வது அந்த அலுவலகத்தின் வேலை.